மற்றக் கண்ணில் இருந்தது

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றைச் சேர்ந்த பையன், வயது நாலேகால். விழித்திரைப் புற்றுநோய்க்காக வலது கண் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. தலையிடி, சத்தி, பிறகு நடக்க முடியாமை என்று விடுதியில் சேர்க்கப்பட்டு ஐந்தாம் நாள் விடியற்காலையில் இறந்தான். பெற்றோரின் சம்மதத்துடன் அன்றே வரையறுக்கப்பட்ட பிரேத பரிசோதனை நடந்தது. அதில் கண்டவற்றையும் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்தவற்றையும் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். எழுதுவதற்குத் தாயும் தகப்பனும் ஒத்துக்கொண்டார்கள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரெட்டினோபிளாஸ்டோமா என்ற இந்த நோய் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு பிள்ளை. இலங்கையில் 2020 வாக்கில் இருந்ததுபோல ஆண்டுக்கு 3 லட்சம் பிறப்பு என்று வைத்துக்கொண்டால் 15 முதல் 20 பிள்ளைகள். வன்னியில் வேலை செய்யும் ஒரு டொக்டர் பல ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளையைக்கூடக் காணாமல் இருக்கலாம். சண்டைக் காலப் புகையாலும் ஷெல் குண்டு மருந்தாலும் வந்தது என்று ஊரில் சொல்லுவார்கள். ஷெல் விழாத நாடுகளிலும் இதே விகிதம்தான். சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

நோய் வந்த வழி

ஒன்றரை வயதில் வலது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. வாக்குக்கண் அதிட்டம் என்று அப்பம்மா சொன்னார், வீட்டில் எல்லோருக்கும் அது வசதியான விளக்கமாக இருந்தது. அந்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா ஃபோனில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தார். ஒரு கண் சிவப்பு, மற்றது வெள்ளை. ஆரோக்கியமான கண்ணில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் இரத்த நாளங்களில் பட்டுத் திரும்புவதால் சிவப்பாகத் தெரியும். நடுவில் கட்டி இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளையாகத் திரும்பும். பூனைக்கண் என்று ஊரில் சொல்வது இதைத்தான். இந்த நோயில் முதலில் கண்ணில் படும் அறிகுறி பெரும்பாலும் இந்த வெள்ளை, அடுத்தது வாக்குக்கண். இவனிடம் இரண்டும் இருந்தன.

இரண்டு வயதாகும்போது தெற்கில் உள்ள ஒரு பெரிய வைத்தியசாலையில் மயக்க மருந்து கொடுத்து இரண்டு கண்களையும் பார்த்தார்கள். வலது கண் முழுக்கக் கட்டி. இடது கண்ணில் எதுவும் இல்லை. வலது கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்க மிக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லப்பட்டதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த விடுதியில் தமிழ் தெரிந்தவர் யாரும் அன்று இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் தாய் அரைகுறையாக மொழிபெயர்த்ததில் இவர்களுக்கு விளங்கியது ஒன்றுதான்: கண்ணைத் தோண்டப் போகிறார்கள். அன்றிரவே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஏழு மாதம் பச்சிலைச் சாறு, நூல் கட்டு, வெள்ளியில் கண் செய்து வைக்கிற நேர்த்தி. கண் வீங்கி வெளியே தள்ளிய பிறகுதான் திரும்பவும் போனார்கள். வின்கிறிஸ்டின், கார்போபிளாட்டின், எட்டோபொசைட் மூன்றும் சேர்ந்த கீமோ மூன்று சுற்று, பிறகு அறுவைச் சிகிச்சை. எடுத்த கண்ணின் நுண்ணோக்கி அறிக்கையில் இரண்டு வரி முக்கியமானவை. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் சல்லடைத் தட்டைத் தாண்டிக் கட்டி போயிருந்தது. 7 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டப்பட்ட நரம்பின் அந்தப் பக்க நுனியிலும் புற்றுச் செல்கள் இருந்தன. அதாவது, நோய் கத்தி பட்ட இடத்துக்கு அப்பாலும் போய்விட்டது.

இப்படியான பிள்ளைக்கு இன்னும் கடுமையான கீமோவும் கண்குழிக்குக் கதிர்வீச்சும் வேண்டும். இரண்டு சுற்றுக்கு வந்தார்கள். பிறகு தாய்க்கு வயிற்றில் அடுத்த பிள்ளை. தகப்பன் கூலி வேலைக்காரர், காலபோக அறுவடை நேரத்தில் ஊரை விட்டால் அந்தப் போகத்து உழைப்பு போய்விடும். செயற்கைக் கண் வைத்த பிறகு பையன் ஓடியாடி விளையாடவும் தொடங்கிவிட்டான். அறிக்கை ஆங்கிலத்தில், கோப்புக்குள். ஒப்பரேசன் சரி, கண்ணும் போட்டாச்சு என்று குடும்பம் நினைத்தது. இடது கண் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இறுதியாகச் சேர்த்தபோது எடுத்த சீ.ரீ. படத்தில் மூளையின் அடித்தளம் தடித்து, மூளை அறைகள் நீர் கோத்துப் பெருத்திருந்தன. காசநோய் மூளைக்காய்ச்சலும் படத்தில் இப்படித் தெரியக்கூடும். மூளையில் அழுத்தம் கூடியிருந்ததால் முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க முடியவில்லை. பையன் இறக்கும்போது கேள்வி திறந்தேதான் இருந்தது.

சம்மதம்

தெரிந்த நோயோடு விடுதியில் நடந்த மரணம் என்பதால் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு இதில் வேலை இல்லை. பெற்றோர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. வன்னியில் பிரேத பரிசோதனை என்றாலே பொலிஸ், நீதவான், சந்தேகம் என்றுதான் சனத்துக்கு ஞாபகம் வரும். அதைக் கேட்பதே பிழை என்று நினைக்கும் டொக்டர்மாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் பெற்றோரிடமும் கேள்விகள் இருப்பது தெரியவரும்.

இங்கே கதவைத் திறந்தவர் தகப்பன். "டொக்டர், மற்றக் கண் நல்ல கண்தானே, அதையெண்டாலும் ஆருக்கும் குடுக்கேலாதா?" என்று கேட்டார். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம் இந்த நாட்டில் வேர்விட்ட ஒன்று. குக்கிராமத்திலும் அந்த எண்ணம் இருக்கிறது. விழித்திரைப் புற்றுநோய் உள்ள ஒருவரின் கண்ணைத் தானமாக எடுப்பதில்லை என்று சொன்னோம். ஆனால் அந்தக் கண்ணை நாங்கள் பார்க்க விரும்புகிறோம், வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கு அது உதவக்கூடும் என்றும் சொன்னோம். தாயின் கேள்வி வேறு. "கத்தி வைச்சதாலயா டொக்டர் தலைக்குப் பரவினது?" ஊரில் எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை வெட்டாமத் தாங்கோ தம்பி" என்றார். கடைசியில் இணக்கம் இப்படி அமைந்தது. தலையும் கண்களும் மட்டும் திறப்பது. நெஞ்சு, வயிறு, முதுகு தொடுவதில்லை. இடுப்பெலும்பிலும் ஈரலிலும் ஊசியால் மாதிரி எடுக்கலாம், தொடை நாளத்திலிருந்து கொஞ்சம் இரத்தமும். வலது பக்கச் செயற்கைக் கண்ணைத் திரும்பவும் வைத்துவிட வேண்டும். பின்னேரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்பதால் மதியத்துக்குமுன் ஒப்படைக்க வேண்டும். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் வாங்கினோம்.

செய்த முறை

பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஊரே வரும். அதனால் இமையைத் தொட்டு முன்பக்கமாகக் கண்ணை எடுக்கக்கூடாது. மூளையை எடுத்த பிறகு மண்டையோட்டின் உட்புறத் தரையில், நெற்றிக்கு நேர் பின்னால் தெரியும் மெல்லிய எலும்புதான் கண்குழியின் கூரை. அதை நீக்கினால் கண்ணும் அதன் நரம்பும் மேலிருந்து தெரியும். நரம்பை முழு நீளத்துக்கும் வைத்தே எடுக்கலாம் என்பது இன்னொரு இலாபம். குழியைப் பஞ்சால் நிரப்பி இமையை மூடிவிட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது.

நேரம் இதில் மிக முக்கியம். உடலில் மிக வேகமாகச் சிதையும் இழையங்களில் விழித்திரையும் ஒன்று. வன்னி வெக்கையில் குளிரூட்டி இல்லாமல் அரை நாள் கிடந்தால் அது தானாகவே கழன்று மடிந்துவிடும், பிறகு எது நோய், எது சிதைவு என்று பிரிப்பது கஷ்டம். இறந்து ஐந்து மணித்தியாலத்துக்குள் இடது கண் 10 வீத ஃபோர்மலினில் (இழையத்தைச் சிதையாமல் காக்கும் திரவம்) இருந்தது. இரண்டு நாள் கழித்தே வெட்டினோம். அவசரப்பட்டு உடனே வெட்டினால் கண் சுருங்கிக் குலையும். சிறு பிள்ளைகளின் கண்ணை ஃபோர்மலினில் இட்டால் விழித்திரையின் முன்விளிம்பில் லாங்கே மடிப்பு என்ற ஒரு மடிப்பு விழும். இது நோயல்ல, ஃபோர்மலின் செய்யும் வேலை. பழக்கமில்லாதவர் அதைக் கட்டி என்று எழுதிவிடலாம்.

கண்டவை

மூளையின் அடித்தளத்தைச் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு தடித்த படை மூடியிருந்தது. பார்வை நரம்புகள் சந்திக்கும் இடம் வீங்கி உருவமிழந்திருந்தது. வலது நரம்பின் மண்டையோட்டு உட்பகுதி 9 மில்லிமீற்றர் தடிப்பு. வழமையாக இதில் பாதியளவும் இராது. கண்குழியின் உச்சியில் எஞ்சியிருந்த நரம்புத் துண்டு முழுக்கக் கட்டி. காசநோய்க்கான அடையாளம் எங்கும் இல்லை. நுண்ணோக்கியில் சிறிய, வட்டமான, கடும் நீலமாகச் சாயமேறும் செல்கள் அடர்த்தியாக நின்றன.

மூளையின் நடுவில் இருக்கும் பீனியல் சுரப்பியைத் தனியாக வெட்டிப் பார்த்தோம். பரம்பரை வகை நோயுள்ள சில பிள்ளைகளுக்குக் கண்களோடு சேர்த்து அந்தச் சுரப்பியிலும் தனியாக ஒரு கட்டி வரும், மூன்றாவது கண் என்று கணக்கிடுவார்கள். இவனில் அது சுத்தமாக இருந்தது. இடுப்பெலும்பு மச்சையிலும் ஈரல் மாதிரியிலும் புற்றுச் செல்கள் இல்லை. முள்ளந்தண்டைப் பார்க்க அனுமதி இல்லாததால், கால் விழுந்ததற்குக் காரணம் அங்கே இறங்கிய கட்டி என்பது ஊகம்தான், நிரூபணம் அல்ல.

தாயின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. இந்த நோய் கண்ணை விட்டு வெளியேற மூன்று வழிகள். பார்வை நரம்பு வழியாக மூளைக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் போகலாம். விழித்திரைக்குப் பின்னால் இரத்த நாளங்கள் நிறைந்த நாளப்படலம் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சைக்கும் ஈரலுக்கும் போகலாம். கண்ணின் முன்பக்கம் உடைத்து வந்தால் காதடி, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகலாம். இவனில் போனது முதல் வழி. நரம்பின் வெட்டு நுனியில் செல்கள் இருந்தன என்ற அறுவை அறிக்கையையும் மூளையில் கண்டதையும் சேர்த்து வைத்தால் கதை நேராகிறது: கத்தி வைக்கும் முன்பே செல்கள் அந்த இடத்தைக் கடந்துவிட்டன. கத்தி அவற்றை அனுப்பவில்லை, அவற்றுக்குப் பிந்தி வந்தது.

பிறகு இடது கண். உயிரோடு இருக்கும்வரை அந்தக் கண்ணால்தான் பையன் எல்லாம் பார்த்தான். குறை சொன்னதே இல்லை. வெளிப்பார்வைக்கும் நல்ல கண். வெட்டிப் பார்த்தபோது விழித்திரையின் மூக்குப் பக்க ஓரத்தில், முன்விளிம்பை ஒட்டி, 3 மில்லிமீற்றர் அளவில் வெள்ளைப் புடைப்பு ஒன்று. மடிப்பா என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். நுண்ணோக்கியில் சந்தேகம் தீர்ந்தது. செல்கள் நடுவில் சிறு வெளி விட்டு வட்டமாக அடுக்கி நின்றன. 1891இல் ஃப்ளெக்ஸ்னரும் 1897இல் வின்டர்ஸ்டைனரும் விவரித்த ரோசெற் அமைப்பு இது. மூளையில் இருந்த கட்டியில் இந்த அமைப்பு இல்லை. இடது நரம்பின் கண்குழிப் பகுதியும் சுத்தம். எனவே இது வலது கண்ணிலிருந்து பரவியது அல்ல, இடது விழித்திரையிலேயே தனியாக முளைத்த இரண்டாவது கட்டி.

இரண்டு வயதில் அது அங்கே இல்லாமல், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்திருக்க வேண்டும். விழித்திரை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி முதிர்கிறது. அதனால் வயது கூடக்கூட வரும் புதிய கட்டிகள் ஓரத்தில்தான் வரும். மயக்கம் கொடுத்து, கண்ணை வெளியிலிருந்து அமுக்கி, ஓரத்தை உள்ளே தள்ளிப் பார்த்தால் மட்டுமே அவை அகப்படும்.

ஏன் இறந்த உடல்களில் தேட வேண்டியிருக்கிறது

மற்றப் புற்றுநோய்களில் ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்த்த பிறகே சிகிச்சை தொடங்குவார்கள். இதில் அப்படிச் செய்வதில்லை, ஊசி போன பாதை வழியே செல்கள் வெளியே வந்துவிடும். ஆகவே இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எடுத்த கண்களிலிருந்தும் இறந்த பிள்ளைகளிலிருந்தும் வந்தது. 1597இல் ஒல்லாந்தைச் சேர்ந்த பாவியஸ் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் உடலை ஆராய்ந்து, இடது கண்ணில் மூளை போன்ற பொருள் தடித்த இரத்தத்தோடும் நொறுங்கிய கல் போன்ற ஒன்றோடும் கலந்திருந்ததை எழுதிவைத்தார். அந்தக் கல் சுண்ணாம்புப் படிவு என்று இன்று படிப்பவருக்குப் புரியும், இந்தக் கட்டியின் கையெழுத்தே அதுதான். 1809இல் ஸ்கொட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ரொப், கண்களை வெட்டி ஆராய்ந்து நோய் விழித்திரையில் தொடங்கி நரம்பு வழியே மூளைக்குப் போவதைக் கண்டார். வேளைக்கே கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்றும் சொன்னார். மயக்க மருந்து வராத காலம், கேட்டவர் குறைவு. 1950இல் அமெரிக்காவில் மெரியம் 17 பிரேத பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பரவும் பாதைகளை ஆராய்ந்தார்.

பணக்கார நாடுகளில் இன்று அப்படி 17 உடல்கள் சேர்வது கடினம். 2017இல் நோய் கண்டறியப்பட்ட 4,351 பிள்ளைகளை 153 நாடுகளில் பார்த்த ஓர் ஆய்வில், குறைந்த வருமான நாடுகளில் ஏறத்தாழ 49 வீதமானோருக்கு முதல் தடவை காணும்போதே நோய் கண்ணை விட்டு வெளியேறியிருந்தது. உயர் வருமான நாடுகளில் 1.5 வீதம். நோய் ஒன்றுதான், வந்து சேரும் நேரம்தான் வேறு.

தகப்பனின் கண்

ஒரு கண்ணில் மட்டும் என்றால் பெரும்பாலும் பரம்பரை அல்ல. இரண்டு கண்ணிலும் என்றால் பரம்பரை வகைதான். 1971இல் அமெரிக்க மருத்துவர் நுட்சன் 48 பிள்ளைகளின் விவரத்தை வைத்து இதற்குக் கணக்கு சொன்னார்: கட்டி வர ஒரே செல்லில் இரண்டு அடி, அதாவது இரண்டு மரபணுப் பழுது, விழ வேண்டும். பரம்பரை வகையில் முதல் அடி பிறக்கும்போதே எல்லாச் செல்களிலும் இருக்கும், இரண்டாவது ஏதாவது ஒரு விழித்திரைச் செல்லில் விழுந்தால் போதும். அந்த அடி விழும் மரபணு 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது.

பையன் உயிரோடு இருந்தவரை அவன் கோப்பில் "ஒரு கண்" என்றே இருந்தது. அந்த 3 மில்லிமீற்றர் புடைப்பு குடும்பத்தின் கணக்கையே மாற்றியது. தாய், தகப்பன் இருவரையும் கண் கிளினிக்குக்கு அழைத்து, கண்மணியை விரித்துப் பார்த்தார்கள். தாயின் கண்கள் சுத்தம். தகப்பனின் இடது விழித்திரையில் உடைத்த சோக்குத் துண்டு போல வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு, சுற்றி மங்கலான சாம்பல் புடைப்பு, ஓரத்தில் கறுத்த தழும்பு. ரெட்டினோமா என்பார்கள். அதே மரபணுக் கோளாறு இருந்தும் தீவிரமாகாமல் நின்றுபோன கட்டி. முப்பத்திநாலு வயதுவரை அவருக்கே தெரியாது.

இதைச் சொல்வது பரிசோதனையை விடக் கஷ்டமாக இருந்தது. கிரகண நேரம் வெளியே போனாள், வயிற்றோடு எதையோ பார்த்துப் பயந்தாள் என்று அதுவரை எல்லாப் பழியும் தாய் மேல்தான். இப்போது அதைத் தூக்கித் தகப்பன் தலையில் வைத்துவிடக்கூடாது. முதலில் அவரிடம் மட்டும் சொன்னோம். மரபணுவை யாரும் தெரிந்து கொடுப்பதில்லை என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. நீண்ட நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப சின்னவளுக்கு?" என்றார். சரிபாதி வாய்ப்பு என்றோம். தாயிடம் அவரே சொன்னார், தன் அம்மாவிடமும் அவரே சொன்னாராம். அப்பம்மா அதற்குப் பிறகு கிரகணக் கதையை எடுக்கவில்லை என்று தாய் சொன்னார்.

தங்கச்சிக்கு அப்போது பத்து மாதம். மயக்கத்தில் பார்த்ததில் இரண்டு கண்ணும் சுத்தம். ஒரு வயது வரை மாதம் ஒருமுறை, இரண்டாம் வயதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு ஏழு வயது வரை பார்க்க வேண்டும். வன்னியிலிருந்து ஒவ்வொரு தடவையும் இரவு பஸ், அடுத்த நாள் வெறும் வயிற்றில் பிள்ளை. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. பையனிடம் எடுத்துக் குளிரில் உறையவைத்த இரத்தத்தில் மரபணுவின் எந்த இடம் பழுதென்று கண்டுபிடித்தால் தங்கச்சியின் இரத்தத்தில் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், அந்தப் பழுது அவளில் இல்லையென்றால் பரிசோதனைகளை முழுக்க நிறுத்திவிடலாம். ஃபோர்மலினில் இட்ட இழையத்தில் மரபணு துண்டு துண்டாகிவிடும். அந்த இரத்தக் குழாயைத் தனியாக வைத்தது இதற்குத்தான். மாதிரி வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது, முடிவு வரவில்லை.

இதற்கிடையில் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தங்கச்சியின் கிளினிக் திகதிகளைத் தன் ஃபோனில் போட்டு, முதல் நாள் வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்துகிறார். இந்தக் குடும்பத்துக்கு முதலிலேயே கிடைத்திருக்க வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

தகப்பனோடு பிறந்தவர்கள் இருவர். பொங்கலில் படம் எடுத்த சித்தப்பா வவுனியாவில் இருக்கிறார். தானும் இரண்டு பிள்ளைகளும் வந்து காட்டினார்கள், மூவருக்கும் ஒன்றுமில்லை. மூத்தவர் கனடாவில். அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அங்குள்ள குடும்ப டொக்டருக்குக் கொடுக்கும்படி நுண்ணோக்கிப் படங்களோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அடுத்த வாரமே அந்தப் பிள்ளைக்குக் கண் பரிசோதனைக்குத் திகதி கிடைத்துவிட்டது.